கழற்றிய ஸ்டீயரிங் பாக்ஸ் இரண்டு, ஹாட் ராட் ஒன்று: எதை வைப்பது, எப்படி வைப்பது?

#1 தகரவண்டி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக, ஓய்வு நாட்களில் மட்டும், ஒரு ஹாட் ராட் (பழைய காரை மாற்றிக் கட்டும் வேக வண்டி) கட்டிக்கொண்டிருக்கிறேன். சேசிஸ் 1932 ஃபோர்டு மாதிரியான ஏணிச் சட்டம். முன்னால் ஐ-பீம் ஆக்சில். அதன் மேல் குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங் கட்டு, இரண்டு முனையிலும் ஷாக்கிள் என்ற தொங்கு இணைப்பு. ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ராடுகள் இரண்டும் தனித்தனியாகச் சட்டத்தின் இரு பக்கமும் போய் முடிகின்றன. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. பிரேக் முடிந்தது. ஸ்டீயரிங் மட்டும்தான் வெறும் காற்றில் தொங்குகிறது.

கையில் இரண்டு பழைய ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்பெட்டி) இருக்கின்றன. ஒன்று ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பில் இருந்தது, 1948–52 காலத்தது. மற்றது செவர்லே வேகாவில் கழற்றியது. இரண்டுமே பவர் இல்லாத மேனுவல் பாக்ஸ். எஃப்-1 கனமாக, பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது. வேகா ஒரு கையில் தூக்கும் அளவு. எஃப்-1ஐ வைத்தால் கிளட்ச் பெடல் இடிக்கிறது, வேகாவை வைத்தால் எக்ஸாஸ்ட் இடிக்கிறது. எதை வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 பட்டறைப்பூனை

வேகா. முடிந்தது.

#3 கியர்பல்

பூனை எப்போதும் இப்படித்தான், ஒரே வார்த்தை. தம்பி, பாக்ஸைப் பிறகு பார்ப்போம். முதலில் டிராக் லிங்க், அதாவது பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி, எந்தத் திசையில் ஓடப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். பாக்ஸ் தானாகத் தேர்வாகிவிடும்.

எஃப்-1 பாக்ஸ் பக்கவாட்டு ஸ்டீயரிங்குக்குப் பிறந்தது. பாக்ஸிலிருந்து வெளியேறும் செக்டர் ஷாஃப்ட் படுக்கையாகச் சட்டத்தைத் துளைத்து வெளியே வரும். அதன் முனையில் மாட்டிய பிட்மேன் ஆர்ம் சட்டத்துக்கு வெளியே தொங்கி, சுவர்க் கடிகாரப் பெண்டுலம் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். லிங்க் நேராக முன்னே போய் ஓட்டுநர் பக்கச் சக்கரத்தைப் பிடிக்கும்.

வேகா பாக்ஸை ஹாட் ராடுக்காரர்கள் குறுக்கு ஸ்டீயரிங்குக்கு வைப்பார்கள். ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கும், ஆர்ம் அடியில் இடம் வலமாகப் போகும். லிங்க் ஆக்சிலோடு சேர்ந்து குறுக்கே ஓடி, எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பிடிக்கும்.

இரண்டுக்கும் தலைவலி உண்டு. ஆனால் தலைவலி வேறு வேறு இடத்தில்.

#4 தகரவண்டி

வித்தியாசம் இப்போது புரிந்தது அண்ணா. என்ன தலைவலி என்றும் சொல்லிவிடுங்கள். பான்ஹார்ட் ராடு என்னிடம் இல்லை. அது எதற்கு என்றும் சரியாகத் தெரியாது.

#5 நடுமையம்

நான் பழைய ஆள், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பக்கவாட்டு ஸ்டீயரிங். சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் ஆக்சில் நேர்க்கோட்டில் மேலே போகாது. ரேடியஸ் ராடின் பின் முனையை மையமாக வைத்து ஒரு வில் போட்டுத்தான் ஏறும். டிராக் லிங்கின் முன் முனையும் ஒரு வில் போடும், அதற்கு மையம் பிட்மேன் ஆர்மின் நுனி. இரண்டு வில்லும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் பிரச்சினை இல்லை. படியாவிட்டால் லிங்க் சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கை அசைக்காமலே வண்டி திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டீயர் என்கிறோம். ஆகவே ஆர்மின் நுனி, ரேடியஸ் ராடின் பின் முனைக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நல்லது. பாக்ஸை எங்கே வைப்பது என்பதை இந்த ஒரு புள்ளிதான் தீர்மானிக்க வேண்டும். பெடல் இடிக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பெடலை வளைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குறுக்கு ஸ்டீயரிங். உங்கள் ஸ்பிரிங் குறுக்கே கிடக்கிறது, இரு முனையிலும் ஷாக்கிள். ஷாக்கிள் ஊஞ்சல்தான். வண்டியின் உடம்பு ஆக்சிலின் மேல் இடமும் வலமும் கொஞ்சம் ஆடும். பாக்ஸ் உடம்போடு இருக்கிறது, சக்கரம் ஆக்சிலோடு இருக்கிறது. லிங்கும் இடவலமாக ஓடுகிறது. நீங்கள் பாக்ஸைச் சுற்றினால் சக்கரம் திரும்புவதற்குப் பதிலாக உடம்பு முதலில் ஒரு பக்கம் நகர்ந்துகொள்ளும். சாலையில் போகும்போது உடம்பு ஆடினால் சக்கரம் திரும்பும். இந்த ஊஞ்சலைக் கட்டிப்போடத்தான் பான்ஹார்ட் ராடு. அதன் ஒரு முனை பாக்ஸ் இருக்கும் பக்கம் சட்டத்தில், மறு முனை எதிர்ப்பக்கம் ஆக்சிலில். நீளம் டிராக் லிங்கின் நீளத்தை ஒட்டியதாக, அதற்கு இணையாக. அப்போதுதான் இரண்டும் ஒரே வில்லைப் போடும். ஏதோ ஒரு கம்பியை எங்கேயோ கட்டிவிட்டு பான்ஹார்ட் போட்டாயிற்று என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் மனம் பக்கவாட்டுக்குத்தான் போகும். திறந்த ரோட்ஸ்டரில் அந்த ஆர்ம் வெளியே ஆடுவதைப் பார்க்கும் அழகே தனி. பழைய ஆட்கள் எஃப்-1ஐத் தேடிப் போனதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. 1932இன் சொந்த பாக்ஸ் வேகமானது, குறைந்த ரேஷியோ (ஸ்டீயரிங் எத்தனை பங்கு சுற்றினால் ஷாஃப்ட் ஒரு பங்கு திரும்பும் என்ற கணக்கு). அகலமான டயர் போட்டால் நின்ற இடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். எஃப்-1இன் ரேஷியோ அதிகம், அதனால் கைக்கு லேசு.

#6 பட்டறைப்பூனை

ஐயா சொன்ன எல்லாம் சரி. ஆனால் தம்பியின் ரேடியஸ் ராடு எங்கே முடிகிறது என்று தம்பி அளந்து சொல்லட்டும். எஃப்-1இன் ஆர்ம் அங்கே வரவில்லை என்றால் அழகு சோறு போடாது.

#7 எண்ணெய்க்கை

இரண்டையும் திறந்து பார்த்தீர்களா? வெளியே பெயின்ட் அடித்த கழற்றிய பாக்ஸும் மூடிய பானையும் ஒன்று. நான் முதல் வண்டிக்கு வாங்கிய பாக்ஸ் கையில் சுற்றியபோது வெண்ணெய் மாதிரி இருந்தது. திறந்தால் உள்ளே பாதி தண்ணீர், மீதி துரு. விற்றவர் கெட்டியான கிரீஸை அடைத்து மறைத்திருந்தார்.

மூடியைக் கழற்றுங்கள். வோர்மின் (ஸ்டீயரிங்கோடு சுற்றும் திருகுப் பல்) நடுப்பகுதியை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். வண்டி தன் ஆயுளில் பெரும்பங்கு நேராகத்தான் ஓடியிருக்கும், தேய்மானமும் அங்கேதான் இருக்கும். குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் அந்த வோர்ம் போயிற்று. பல் நெருக்கத்தைச் சரி செய்யும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை இறுக்கினால் குழி நிரம்பாது. பிறகு செக்டர் ஷாஃப்டில் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) உட்காரும் இடத்தில் நகத்தால் வழித்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் புஷ் மாற்றுவது வீண், ஷாஃப்டையே சரி செய்ய வேண்டும். கடைசியாக, பாக்ஸின் போல்ட் காதுகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

#8 தகரவண்டி

திறந்துவிட்டேன். எண்ணெய்க்கை அண்ணா சொன்ன அம்மைத் தழும்பு எஃப்-1இல் அப்படியே இருக்கிறது, சரியாக நடுவில். வோர்மோடு கடிக்கும் ரோலரின் ஒரு பல்லும் உதிர்ந்திருக்கிறது. வேகாவில் உள்ளே பந்துகள் ஓடும் பாதை சுத்தமாக இருக்கிறது, பந்து ஒன்றிலும் தழும்பு இல்லை. கீழ் சீல் மட்டும் கிழிந்திருந்தது.

பூனை கேட்டதையும் அளந்தேன். ரேடியஸ் ராடின் பின் முனை, எஃப்-1 ஆர்ம் வரக்கூடிய இடத்திலிருந்து 9 அங்குலம் முன்னால் இருக்கிறது. ஆகவே ஐயா மன்னிக்கவும், வேகாதான்.

#9 நடுமையம்

மன்னிப்பு எதற்கு? 9 அங்குலம் தள்ளி இருக்கும்போது எஃப்-1ஐ வைத்திருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன். அந்த எஃப்-1இன் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வோர்ம் கிடைத்தால் உயிர் பெறும்.

#10 கியர்பல்

சீல் மாற்றும்போது ஒரு விஷயம். வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை அடைக்காதீர்கள். வோர்ம் அதை ஒரு முறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் திரும்பி வந்து ஒட்டாது, பல்லும் பந்தும் உலர்ந்து ஓடும். 0 எண் அரைத்திரவ கிரீஸ் போடுங்கள். தேன் மாதிரி மெதுவாக வழிந்து திரும்பி வரும், சீல் வழியாக எண்ணெய் போல ஓடிப்போகவும் செய்யாது. புஷ் கொஞ்சம் தேய்ந்த பழைய பாக்ஸுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

#11 தகரவண்டி

பத்து நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். பாக்ஸை ஏற்றிவிட்டேன். பான்ஹார்டும் போட்டேன், ஐயா சொன்னபடி இணையாக, கிட்டத்தட்ட அதே நீளம். எக்ஸாஸ்ட் இடித்ததால் பிட்மேன் ஆர்மைப் பின்பக்கம் பார்க்க வைத்து இடத்தைத் தேற்றினேன். எல்லாம் அழகாக உட்கார்ந்தது. மகளைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்து, “வலது பக்கம் சுற்று” என்றேன்.

சக்கரங்கள் இடது பக்கம் திரும்பின.

“நான் வலதுதான்பா சுற்றினேன்” என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

#12 பட்டறைப்பூனை

😂😂😂 வரவேற்கிறோம். எங்கள் சங்கத்தில் நீங்களும் உறுப்பினர்.

#13 எண்ணெய்க்கை

சிரிக்காதே பூனை, நீ இதையே இரண்டு முறை செய்தவன்.

#14 கியர்பல்

தம்பி, இதைத் தாளில் வரைந்தால் ஒரு நிமிடத்தில் புரியும். உங்கள் சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்ம் கிங்பின்னுக்கு (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பின்னால் இருக்கிறது. மேலிருந்து பாருங்கள். சக்கரம் வலது பக்கம் திரும்பினால் அந்த ஆர்மின் நுனி இடது பக்கம் போகும். அதாவது வலது திரும்ப, லிங்க் இடது பக்கம் நகர வேண்டும். பிட்மேன் ஆர்மும் அப்படித்தான். அதே ஷாஃப்ட் அதே பக்கம் சுற்றினாலும், ஆர்ம் முன்னே பார்த்தால் நுனி ஒரு பக்கம் போகும், பின்னே பார்த்தால் எதிர்ப்பக்கம் போகும். வேகாவை உங்களுடையது போன்ற அமைப்பில் வைக்கும்போது ஆர்ம் முன்னே பார்க்க வேண்டும். திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும்.

எல்லா பாக்ஸுக்கும் இவ்வளவு சுலபமாகத் தீராது. டி-பக்கெட் (ஃபோர்டு மாடல்-டி உடம்பு வைத்த சின்ன ஹாட் ராட்) கட்டுபவர்கள் கார்வேர் பாக்ஸை விரும்புவார்கள். பின் எஞ்சின் வண்டியின் பாக்ஸ், சின்னது, லேசு. ஆனால் அவர்கள் அமைப்பில் அது தலைகீழாகச் சுற்றும். அதற்காகக் கூட்டையே லேத்தில் வேலை செய்து, செக்டர் ஷாஃப்ட் மறுபக்கம் வெளியே வருகிற மாதிரி மாற்றுவார்கள். மாற்றிய கார்வேர் என்று கேட்டு வாங்க வேண்டும், மாற்றாததை வாங்கிவிட்டு உங்கள் கதையையே எழுதியவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

#15 தகரவண்டி

ஆர்மை முன்னே திருப்பினால் எக்ஸாஸ்ட் மறுபடி இடிக்கும். ஆர்ம் ஒன்றே கால் அங்குலம் நீளம் அதிகம். வெட்டி, சுருக்கி, வெல்ட் அடிக்கலாமா? நல்ல வெல்டர் ஒருவர் தெரியும்.

#16 நடுமையம்

வேண்டாம்.

#17 உலைக்களம்

ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். அந்த ஆர்ம் வார்ப்பு இல்லை, அடித்துச் செய்த எஃகு. சரியாகச் சூடேற்றி, சரியான கம்பி வைத்து, மெதுவாக ஆறவிட்டால் பிடிக்கும். பழைய காலத்தில் செவ்வொளி வரும்வரை சூடாக்கி ஆர்மை வளைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

#18 நடுமையம்

வளைத்தது வேறு, வெட்டி ஒட்டுவது வேறு. வளைத்தவர்கள் அந்த எஃகைத் தெரிந்தவர்கள், அதிலும் உடைந்தவர்கள் வந்து நம்மிடம் கதை சொல்வதில்லை. உங்கள் கையில் இருப்பது என்ன கலவை, எந்தச் சூட்டுப் பதம் கொடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. வெல்ட் பக்கத்தில் ஒரு கடினமான வளையம் உருவாகும். வெளியே பார்த்தால் மின்னும். விரிசல் அங்கேதான் தொடங்கும், சாலையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு இழை வளரும்.

பிரேக் போனால் கை பிரேக் இருக்கிறது, கியர் இருக்கிறது. இந்த ஆர்ம் போனால் கையில் வெறும் வட்டம்தான் இருக்கும்.

#19 உலைக்களம்

சரி ஐயா. அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

#20 கியர்பல்

வெல்டை விடுங்கள், வழி வேறு இருக்கிறது. வேகா பாக்ஸுக்கென்றே பல நீளங்களில் புதிய ஆர்ம் செய்கிறார்கள். ஆனால் வாங்கும் முன் கணக்கு ஒன்று போட்டுவிடுங்கள். ஆர்மைச் சுருக்கினால் எக்ஸாஸ்ட் தப்பிப்பதோடு முடியாது, ஸ்டீயரிங்கே மாறும்.

மொத்த ரேஷியோ என்பது பாக்ஸ் ரேஷியோவை, சக்கரத்து ஸ்டீயரிங் ஆர்மின் நீளத்தால் பெருக்கி, பிட்மேன் நீளத்தால் வகுத்தது. உதாரணத்துக்கு பாக்ஸ் 20க்கு 1, சக்கரத்து ஆர்ம் 6 அங்குலம், பிட்மேன் 5 அங்குலம் என்றால் 24க்கு 1. சக்கரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 60 டிகிரி திரும்ப ஸ்டீயரிங்கை 4 சுற்று சுற்ற வேண்டும். பிட்மேனை 4 அங்குலமாக்கினால் 30க்கு 1, அதாவது 5 சுற்று. கைக்கு லேசாகும், ஆனால் வண்டி சறுக்கும்போது பிடித்துத் திருப்ப நேரம் போதாது. ஐந்துக்கு மேல் போனால் நான் ஓட்டமாட்டேன்.

#21 தகரவண்டி

கணக்குப் போட்டேன். சுருக்கினால் சுற்று மிகவும் கூடிவிடுகிறது. ஆகவே ஆர்ம் பழைய நீளமே, முன்னே பார்த்து. எக்ஸாஸ்டைத்தான் வெட்டப்போகிறேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அடுத்த சந்தேகம். பாக்ஸிலிருந்து ஸ்டீயரிங் காலம்வரை இரண்டு யூ-ஜாயிண்ட் (கோணத்திலும் சுற்றும் இணைப்பு) போதுமா? நான் வாங்கிய ஜாயிண்ட் பாக்ஸ் ஷாஃப்டின் ஸ்பிளைனில் (நீளவாட்டுப் பற்கள்) பாதி ஏறி நிற்கிறது. ரப்பர் சுத்தியால் நாலு தட்டு தட்டினால் ஏறிவிடும் போல இருக்கிறது.

#22 எண்ணெய்க்கை

தட்டாதீர்கள்!!! பல்லை எண்ணுங்கள். முக்கால் அங்குலத்தில் 30 பல்லும் உண்டு, 36 பல்லும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தட்டி ஏற்றினால் ஏறும், மென்மையான பக்கம் பல்லைச் சிரைத்துக்கொண்டு ஏறும். பிறகு அது ஸ்பிளைன் இல்லை, வழவழப்பான துளை. ஒரு பல்லில் பெயின்ட் புள்ளி வைத்துத் தொடங்கி, குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள்.

#23 கியர்பல்

இரண்டு ஜாயிண்டின் கோணமும் தலா 30 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு போதும். மூன்று போட வேண்டி வந்தால் நடு ஷாஃப்டுக்கு ஒரு தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் நடுவில் கயிறு மாதிரி துள்ளும். அப்புறம் நடு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று திருகி நின்றால் ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளரும்.

#24 தகரவண்டி

எண்ணினேன். ஷாஃப்டில் 36, என் ஜாயிண்டில் 30. எண்ணெய்க்கை அண்ணாவுக்கு என் கும்பிடு.

#25 தகரவண்டி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வண்டி ஓடிவிட்டது! காலி மைதானத்தில் முதல் ஓட்டம். சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் ஸ்டீயரிங் எனக்குப் பிடிக்கவில்லை.

நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வட்டத்தின் விளிம்பில் இரண்டு விரல் அளவு ஆட்டம். வண்டி அங்கும் இங்கும் அலைகிறது. பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்குரூவை இறுக்கி ஆட்டத்தைப் போக்கினேன். ஆட்டம் போனது, ஆனால் புதிதாக ஒன்று வந்தது. வலது பக்கம் அரைச் சுற்றுக்கு மேல் சுற்றும்போது ஒரு இடத்தில் கப்பென்று பிடிக்கிறது. கையை விட்டால் அங்கேயே நிற்கிறது, திரும்பி வருவதில்லை. இடது பக்கம் அந்தப் பிடிப்பு இல்லவே இல்லை. காஸ்டர் (கிங்பின்னின் பின்சாய்வு) 6 டிகிரி, டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கி நிற்கும் அளவு) எட்டில் ஒரு பங்கு அங்குலம். இரண்டையும் இரண்டு முறை அளந்தேன். எல்லா ராடு எண்டும் (கம்பி முனைகளிலுள்ள பந்து மூட்டு) புதியது.

#26 உலைக்களம்

கிங்பின் இறுக்கமோ? ஆக்சிலை ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள்.

#27 தகரவண்டி

செய்தேன். லிங்கைக் கழற்றினால் சக்கரம் இரண்டு விரலால் திரும்புகிறது. பிடிப்பு பாக்ஸுக்குள்தான் இருக்கிறது.

#28 நடுமையம்

தம்பி, முதலில் அந்த ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் தளர்த்துங்கள். இதைப் படித்த உடனே. அது தளரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

இப்போது ஒரு கேள்வி. லிங்கைக் கழற்றிய நிலையில் பாக்ஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்றினால் மொத்தம் எத்தனை சுற்று? கோடியில் போய் இடிக்கவிடாமல், லேசாகத் தொடும்வரை. பிறகு லிங்கை மாட்டி, சக்கரங்களை நேராக வைத்தால், அந்த நிலையிலிருந்து பாக்ஸின் இடது கோடிக்கு எத்தனை, வலது கோடிக்கு எத்தனை?

#29 தகரவண்டி

மொத்தம் மூன்றே முக்கால். நேர் நிலையிலிருந்து இடது கோடிக்கு ஒன்றே கால். வலது கோடிக்கு இரண்டரை.

அய்யய்யோ. எழுதும்போதே எனக்குத் தெரிகிறது.

#30 நடுமையம்

தெரிந்துவிட்டதா? இருந்தாலும் பின்னால் படிப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன்.

இந்த பாக்ஸ்களை நடுவில் மட்டும் பல்லுக்குப் பல் நெருக்கமாகச் செய்திருப்பார்கள். இரு ஓரமும் போகப்போக வேண்டுமென்றே இளக்கம். நேராக ஓடும்போது ஆட்டம் இருக்கக்கூடாது, வளைவில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற கணக்கு. தேய்மானம் நடுவில்தான் வரும், பிறகு இறுக்கும்போது ஓரங்கள் சிக்கிக்கொள்ளக்கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. எஃப்-1இன் வோர்ம் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகாவில் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள், குறிக்கோள் ஒன்றுதான்.

உங்கள் பாக்ஸின் நடு எங்கே? மூன்றே முக்காலில் பாதி, அதாவது ஒன்றே முக்காலுக்குச் சற்று மேல். உங்கள் சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸ் அந்த நடுவில் இல்லை. அந்த நடு அரைச் சுற்றுக்கு மேலே வலது பக்கம் தள்ளி இருக்கிறது. நேராக ஓடும்போது நீங்கள் இளக்கமான ஓரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் ஆட்டம். அந்த ஆட்டத்தை ஸ்குரூவால் போக்கினீர்கள். ஓரம் இறுகியது. நடு அதைவிட இறுகிப் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் அரைச் சுற்றில் கப்பென்று பிடித்த இடம்தான் உங்கள் பாக்ஸின் உண்மையான நடு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் அந்த இடத்தில் நீங்களே குழி தோண்டியிருப்பீர்கள்.

எப்படி இப்படி ஆனது? லிங்க் எப்போது வெட்டினீர்கள்?

#31 தகரவண்டி

ஆர்மைப் பின்பக்கம் வைத்திருந்தபோதே வெட்டினேன் ஐயா. திருப்பிப் போட்டபோது நீளம் கொஞ்சம் சரிவரவில்லை. திருகு முடிந்துவிட்டது. பாக்ஸைச் சற்றுச் சுற்றினால் போல்ட் துளைக்கு நேராக வந்தது, மாட்டிவிட்டேன். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

#32 எண்ணெய்க்கை

இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இடது பக்கம் ஒன்றே கால் சுற்றுதான் இருக்கிறது. முழு வளைவு எடுத்தால் ஆக்சில் ஸ்டாப்பைத் தொடும் முன்னே பாக்ஸ் உள்ளே போய் இடிக்கும். பந்து ஓடும் குழாய்களின் முனை அதற்கு ஈடு கொடுக்காது. எந்த பாக்ஸாக இருந்தாலும் சக்கரம் ஆக்சிலில் உள்ள ஸ்டாப்பில்தான் நிற்க வேண்டும், பாக்ஸுக்குள் இரு பக்கமும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

#33 கியர்பல்

புதிய லிங்க் செய்யுங்கள், பழையதை ஒட்டாதீர்கள். கெட்டிச் சுவர்க் குழாய், ஒரு முனையில் வலத்திருகு, மறு முனையில் இடத்திருகு. அப்போதுதான் கழற்றாமலே குழாயைச் சுற்றி நீளத்தைச் சரி செய்யலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: பாக்ஸை எண்ணி நடுவில் வைத்து, ஷாஃப்டிலும் கூட்டிலும் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். சக்கரங்களை நேராகக் கட்டி வையுங்கள். இரண்டு துளைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதற்கு லிங்க் வெட்டுங்கள். ஸ்டீயரிங் வட்டம் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக மாட்டுங்கள், லிங்கைத் தொட வேண்டாம்.

அதன் பிறகுதான் ஸ்குரூ. முதலில் வோர்ம் பேரிங்கின் இறுக்கம், பிறகு செக்டரின் இறுக்கம். இரண்டாவதை நடுவில் வைத்து மட்டுமே பார்க்க வேண்டும், லிங்க் கழற்றிய நிலையில். நடுவைக் கடக்கும்போது லேசான ஒரு இழுப்பு கையில் தெரிந்தால் போதும்.

#34 பட்டறைப்பூனை

ஒரு சின்ன விஷயம். யாராவது ஸ்டீயரிங்கை அசைக்கச் சொல்லிவிட்டு பாக்ஸ் போல்ட் போட்ட இடத்தில் சட்டத்தையே பாருங்கள். என் வண்டியில் பாதி ஆட்டம் பாக்ஸில் இல்லை, தகடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சட்டத்தைப் பெட்டியாக மூடி, போல்ட் போகும் இடத்தில் உள்ளே குழாய் ஸ்லீவ் வைத்து வெல்ட் அடித்த பிறகுதான் நின்றது.

#35 கியர்பல்

பூனை இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. நல்ல விஷயம்.

#36 தகரவண்டி

முடித்துவிட்டேன். புதிய லிங்க் பழையதைவிட ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் நீளம். இப்போது இடதும் வலதும் ஆக்சில் ஸ்டாப் வரை ஒன்றரைக்குச் சற்று மேல், இரு பக்கமும் சமம். பாக்ஸுக்குள் இருபுறமும் மிச்சம் இருக்கிறது. ஸ்குரூவை முழுவதும் தளர்த்தி, நடுவில் வைத்து, கால் திருப்புக்கும் குறைவாகத்தான் இறுக்க வேண்டியிருந்தது. பூனை சொன்னபடி சட்டத்தையும் பார்த்தேன், தகடு லேசாக அசைந்தது. ஸ்லீவ் வைத்தேன்.

ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு ஆக்சிலை ஜாக்கியில் 2 அங்குலம் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஸ்டீயரிங்கைக் கயிற்றால் கட்டிவைத்து. பிரேக் டிரம்மில் ஒரு நீளக் கம்பி கட்டி அதன் நுனியைத் தரையில் குறித்தேன். முழு ஏற்ற இறக்கத்துக்கும் நுனி நகர்ந்தது ஒரு பென்சில் கோட்டின் அகலம்.

நேற்று ஓட்டினேன். நேராகப் போகிறது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் தானே திரும்பி வருகிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். “இப்போ வலது சுற்றினா வலது போகுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

#37 நடுமையம்

அருமை. எல்லா காட்டர் பின்னும் (நட்டு கழலாமல் பூட்டும் ஊசி) போட்டாயிற்றா? ராடு எண்டுக்குப் பெரிய வாஷர்? உள் பந்து கழன்றாலும் லிங்க் கீழே விழாமல் அந்த வாஷர்தான் பிடிக்கும்.

#38 தகரவண்டி

காட்டர் பின் எல்லாம் போட்டேன் ஐயா. வாஷர் பான்ஹார்டின் ஒரு முனையில் மட்டும் இல்லை. காலையில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

#39 எண்ணெய்க்கை

அந்த எஃப்-1 கூட்டை விற்பதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். என்னிடம் நல்ல வோர்ம் ஒன்று சும்மா கிடக்கிறது.